சேலத்தில் மலைப்பாதைக் கார் பயிற்சி: ஹாரனைத் தனிப் பாடமாக நடத்தும் பள்ளி

ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தும், ஐந்து ரோடு சந்திப்பையும் ஏற்காடு மலைப்பாதையையும் நினைத்தாலே வண்டியை எடுக்கத் தயங்குபவர்களுக்காக இந்தப் பயிற்சிப் பள்ளி தனியாக ஒரு மேற்பயிற்சி வகுப்பை நடத்துகிறது. அதில் சேர்ந்து முழுமையாக முடித்த பிறகே இதை எழுதுகிறேன். கிளட்ச், பிரேக், கியர் ஆகியவற்றை எல்லாப் பள்ளிகளும்தான் சொல்லித் தருகின்றன. ஹாரனை எங்கே அடித்தே ஆக வேண்டும், எங்கே அதன்மேல் கை போகவே கூடாது என்பதை நகரத்திலும் மலையிலும் இடத்துக்கு இடம் நிறுத்தி விளக்குகிற பள்ளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கட்டணம் வழக்கத்தைவிடக் கூடுதல்தான் என்றாலும், அந்த ஒரு பாடத்துக்காகவே இங்கே சேரலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

நகர வகுப்பு அஸ்தம்பட்டியில் தொடங்கி நான்கு ரோடு, ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம் வழியாகச் செல்கிறது. முதல் நாளே பயிற்சியாளர் சொன்னது இதுதான்: "ஹாரனுக்குக் கை போறதுக்கு முன்னாடி பிரேக்குக்குக் கால் போகணுங்க மேடம். அதுக்கப்புறமும் தேவைன்னா அடிங்க." இதைக் கடைப்பிடித்துப் பார்த்தால், அடிக்க நினைத்த பெரும்பாலான இடங்களில் அதற்கான தேவையே மறைந்துவிடுகிறது. சிக்னலில் பச்சை விழுந்த நொடியில் ஆறாவது வரிசையில் நிற்பவர் அடிக்கும் ஹாரன் முதல் வரிசையை நகர்த்தப் போவதில்லை. நடுவில் நிற்கும் இருசக்கர வண்டிக்காரரைப் பதறவைப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. சாலையைக் கடக்கும் முதியவருக்குப் பக்கத்தில் போய் ஹாரன் அடித்தால் அவர் நடையை விரைவுபடுத்த மாட்டார். திடுக்கிட்டு நடுச்சாலையில் நின்றுவிடுவார், அல்லது வந்த வழியே திரும்பப் பின்வாங்குவார். நாம் வேகத்தைக் குறைத்திருந்தால் அவர் எந்தப் பக்கம் போவார் என்பது நமக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். அடித்ததால் அதுவும் தெரியாமல் போய்விடுகிறது.

இதற்காக ஹாரனைத் தொடவே கூடாது என்று இவர்கள் சொல்வதில்லை. நிறுத்தியிருந்த கார் நம்மைக் கவனிக்காமல் பின்னோக்கி வரும்போது, சந்திலிருந்து கைப்பேசியைப் பார்த்தபடி ஒருவர் பைக்கில் சாலைக்குள் நுழையும்போது, நிறுத்தத்தில் நிற்கும் பேருந்து சைகை காட்டாமல் வலப்பக்கம் ஒடியும்போது, ஒரே ஒரு தட்டு தட்டுவது நம் கடமை என்றே கற்றுத்தருகிறார்கள். நாம் அங்கே இருப்பது அடுத்தவருக்குத் தெரியவில்லை, தெரியாவிட்டால் விபத்து நேரும் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் ஹாரன். நம்மைப் பார்த்துவிட்டவருக்கு அடிப்பது, தாமதமாக நகர்பவரைத் திட்டுவதற்குப் பதிலாக அடிப்பது, வீட்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே இருப்பவரை வெளியே கூப்பிட அடிப்பது ஆகிய எதற்கும் இந்த வகுப்பில் இடமில்லை.

சட்டப் பகுதியைச் சுருக்கமாகவும் சரியாகவும் நடத்துகிறார்கள். தேவையின்றியோ, தொடர்ந்தோ, பாதுகாப்புக்கு வேண்டிய அளவுக்கு மேலோ ஹாரன் அடிப்பதும், தடைப் பலகை உள்ள இடத்தில் அடிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட இப்பிரிவு முதல் முறைக்கு 1,000 ரூபாயும் மறுமுறைக்கு 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்க ஒலி மாசு விதிகள் இடமளிக்கின்றன. அங்கே எந்நேரமும், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும், அவசர நிலை தவிர ஹாரன் அடிக்கக் கூடாது. வகுப்பின்போது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைப் பக்கம் வேண்டுமென்றே அழைத்துச் சென்று, அந்த நெரிசலிலும் ஹாரனைத் தொடாமல் ஓட்டவைத்தார்கள். ஆம்புலன்ஸ் பின்னால் வந்தால் முன்னால் இருப்பவரை நோக்கி நாமும் சேர்ந்து அடிப்பதில் பயனில்லை, இடப்பக்கம் ஒதுங்குவதுதான் உதவி என்பதையும் அங்கேயே விளக்கினார்கள்.

இப்பள்ளியின் உண்மையான தரம் தெரிவது மலைப்பாதையில்தான். அடிவாரச் சோதனைச் சாவடிக்கு முன்பாகவே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பாட்டை நிறுத்தவும், ஏசி விசிறியைக் குறைக்கவும், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை நான்கு விரல் அளவுக்கு இறக்கவும் சொல்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் அடிக்கும் ஹாரன் ஒரு கேள்வி. பதில் காதில் விழாத வண்டியிலிருந்து அதைக் கேட்பதில் பொருளில்லை. இருபது வளைவுகளிலும் ஒரே முறைதான்: வளைவுக்குச் சற்று முன்னதாக, ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்குவதற்கு முன்பே, ஒரு நொடி அளவுக்கு ஒரே முறை அழுத்த வேண்டும், பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். திருப்பத் தொடங்கிய பிறகு கைகள் ஒன்றன்மேல் ஒன்று மாறிக்கொண்டிருக்கும்; அந்த நேரத்தில் ஹாரனைத் தேடினால் ஸ்டியரிங் மீதான பிடி தளரும். மேலேயிருந்து பேருந்தின் ஹாரன் பதிலாக வந்தால், வளைவுக்குள் நுழையாமல் கீழேயே நின்றுவிட வேண்டும்.

மேலேறுபவருக்கே முதலிடம் என்ற விதி இருக்கும்போது நாம் ஏன் நிற்க வேண்டும் என்று நான் கேட்டேன். பயிற்சியாளர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்துகொண்டிருந்த ஓர் அரசுப் பேருந்தைக் காட்டினார். ஏறும் நமக்கு வலப்பக்கம் திரும்புகிற வளைவு, இறங்கும் பேருந்துக்கு இடப்பக்கம் திரும்புகிற குறுகலான உள்வளைவு. அவ்வளவு நீளமான வண்டியை அந்த உள்வளைவுக்குள்ளேயே மடக்க முடியாது. முன்பகுதி நம் பக்கத்துக்கு வந்து, கிட்டத்தட்ட வெளித்தடுப்புச் சுவரைத் தொடுவதுபோல் அகன்று, பிறகுதான் திரும்புகிறது. அந்த நேரத்தில் நம் கார் அங்கே நின்றிருந்தால், பேருந்து சரிவில் பின்வாங்க வேண்டியிருக்கும், அல்லது நாம் ஏற்றத்தில் பின்னோக்கி உருள வேண்டியிருக்கும். "முன்னுரிமை நமக்குத்தாங்க, ஆனா இடம் அதுக்குத்தான் வேணும்" என்றார். இதை நேரில் பார்த்த பிறகு, எந்த வளைவில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை நானே கணிக்க முடிந்தது.

பதில் வராததை வழி காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எதிரே வருபவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் வரலாம். மலையின் மடிப்பு சத்தத்தைத் தடுத்துவிடலாம். ஆகவே ஹாரன் அடித்துவிட்டோம் என்ற துணிச்சலில் வேகத்தைக் கூட்டுவது, அடிக்காமல் மெதுவாகப் போவதைவிட ஆபத்தானது. பார்வை முழுதாகத் திறந்திருக்கும் நேர்ப்பகுதிகளில் ஹாரனுக்கு வேலையில்லை. மே மாதக் கோடை விழா நாட்களில் வரிசையாக நிற்கும் கார்கள் வளைவுக்கு வளைவு அடித்துத் தீர்க்கும்போது, உண்மையிலேயே எச்சரிக்கை வேண்டிய ஒருவரின் ஹாரன் அந்த இரைச்சலில் யார் காதிலும் விழுவதில்லை. சுற்றுலா வருபவர்கள் இதை உணர வேண்டும் என்பது என் ஆழ்ந்த ஆசை.

விலங்குகளைப் பற்றிச் சொன்னதும் பயனுள்ளது. குரங்குகள் சாலையில் அமர்ந்திருந்தால் வேகத்தைக் குறைத்தாலே விலகிவிடும். எஸ்டேட் ஓரத்தில் காட்டெருமை நின்றால் ஹாரன் அறவே கூடாது. தள்ளி நிறுத்தி, அது தானாகக் கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். மிரண்ட விலங்கு காட்டுக்குள்தான் ஓடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஏரியைச் சுற்றியும் பள்ளிகளை ஒட்டியும் மீண்டும் நகர விதிகளே பொருந்தும்.

கடைசி வகுப்புக்கு நம் சொந்தக் காரையே கொண்டுவரலாம். என்னோடு பயின்ற ஒருவரின் காரில், பழைய உரிமையாளர் பொருத்திய ஏர் ஹாரன் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு வந்தால்தான் வகுப்பு என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களில் ஒலிக்கும் ஹாரனையும், காதைக் கிழிக்கும் ஹாரனையும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி தடைசெய்கிறது. கம்பெனி ஹாரன் சத்தம் குறைந்துவிட்டது என்பதற்காகத்தான் பலர் பெரிய ஹாரனுக்குப் போகிறார்கள். எர்த் இணைப்பில் துரு ஏறியிருக்கிறதா, ஹாரனுக்கு மின்சாரத்தை அனுப்பும் ரிலே சுவிட்ச் சரியாக இருக்கிறதா, இரண்டு ஹாரன்களில் ஒன்று செத்துவிட்டதா என்று எலக்ட்ரீஷியனிடம் முதலில் பார்க்கச் சொன்னார்கள். என்னோடு பயின்றவரின் காரில் ஒரு கம்பியைச் சுரண்டி இறுக்கியதிலேயே பழைய சத்தம் திரும்பிவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதன்மைப் பயிற்சியாளர் விடுப்பில் இருந்த நாளில் வந்த மாற்றுப் பயிற்சியாளர், இடப்பக்க இருக்கையிலிருந்து கையை நீட்டி, கூட்டத்தைக் கண்ட இடமெல்லாம் அவரே ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்த அத்தனையும் அந்த ஒரு மணி நேரத்தில் தலைகீழானது. ஸ்டியரிங்கில் இன்னொருவர் கை விழுவது புதிதாக ஓட்டுபவருக்குப் பெரிய பதற்றம். அலுவலகத்தில் முறையிட்டபோது வேறொரு வகுப்பைக் கட்டணமின்றிக் கொடுத்தார்கள். அதைப் பாராட்டுகிறேன், ஆனால் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் ஒரே பாடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பயிற்சிக் கார்களில் ஒன்றின் ஹாரன் பட்டை மிகவும் கடினமாக இருக்கிறது; உள்ளங்கையால் அடித்து அழுத்தினால்தான் ஒலிக்கிறது. லேசாகத் தட்டுவதைக் கற்றுத்தரும் இடத்தில் இப்படியொரு வண்டி இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மலை வகுப்பைத் தவிருங்கள். நெரிசலில் வளைவுகளில் நிறுத்திக் கற்கவே முடியாது. வார நாள் காலை வகுப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. இரவு வகுப்பு இல்லாதது பெரிய இழப்பு. இரவில் வளைவுக்கு முன் ஹெட்லைட்டை ஏற்றி இறக்கிக் காட்டினாலே எதிரே வருபவருக்குத் தெரிந்துவிடும், அப்போது ஹாரனுக்குத் தேவை குறைவு என்று வாயால் சொன்னார்களே தவிர, ஓட்டிக் காட்டவில்லை. பனிமூட்டத்தில் நிலைமை நேர்மாறு: ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணையே கூசச் செய்யும் என்பதால், லோ பீமும் ஹாரனும் மட்டுமே துணை. ஏற்காட்டில் வண்டி ஓட்டுபவருக்குக் கார்த்திகை, மார்கழிப் பனியைத் தவிர்க்க வழியில்லை. ஆகவே அந்த மாதங்களில் அதிகாலை வகுப்பு ஒன்றையும் இந்தப் பள்ளி சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தனிக் கட்டணம் வைத்தாலும் நான் மீண்டும் சேர்வேன்.