காருடன் வந்த கேபிளா, ஆம்ப் மாற்றும் கேபிளா?

வீட்டுப் பவர் பிளக்கிலேயே மின்சார காரைச் சார்ஜ் செய்ய நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கார் கம்பெனி டிக்கியில் போட்டுக் கொடுக்கும் 15 ஆம்ப் கேபிளையே மாட்டிக்கொள்வது. இன்னொன்று, 6, 8, 10, 13, 16 என்று ஆம்பை மாற்றிவைக்கும் வசதியுள்ள கேபிளை வெளியே வாங்குவது. எங்களிடம் இருப்பது டியாகோ இ.வி., பேட்டரி 24 கிலோவாட் மணி, அதாவது 24 யூனிட். வீடு மதுரையில், வயரிங் பழசு. நான் இரண்டாவது வகையை வாங்கினேன். பெரும்பாலும் 10 ஆம்பில் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன். இப்போது யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தை. 230 வோல்ட்டில் 15 ஆம்ப் என்றால் சுமார் 3.4 கிலோவாட், 10 ஆம்ப் என்றால் 2.3. இரவு பத்து மணிக்குப் போட்டு காலை ஆறுக்குக் கழற்றினால், 10 ஆம்பில் சுவரிலிருந்து 18 யூனிட் இறங்கும். வழியில் வீணாவது போக 16 யூனிட் பேட்டரிக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டாலும் 120 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஊருக்குள் ஆபீஸ், பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று சுற்றுகிறவருக்கு இது தாராளம். வேகத்தைப் பற்றி இதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

பேச வேண்டியது பிளக் பாயிண்ட்டின் சூட்டைப் பற்றி. என் முடிவு முழுக்க இதை வைத்துத்தான்.

"ஹீட்டர் ஓடுற பாயிண்ட்தானே சார், தாங்கும்" என்பார் எலக்ட்ரீஷியன். ஹீட்டர் கால் மணி நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். கார் எட்டு மணி நேரம் ஒரே கரண்டை இடைவெளி இல்லாமல் இழுக்கும். பிளக்கின் பித்தளைக் காலும் பாயிண்ட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பட்டையும் தொடும் இடத்தில் கொஞ்சம் தடை எப்போதும் இருக்கும். அங்கே உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 10-இலிருந்து 15 ஆம்புக்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, சூடு இரண்டேகால் மடங்கு. பட்டை தளர்ந்து தடை 0.05 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், 10 ஆம்பில் அந்தச் சின்ன இடத்தில் 5 வாட் சூடு, 15 ஆம்பில் 11 வாட்டுக்கு மேல். சூடு ஏற ஏற பட்டையின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் மறுபடியும் சூடு. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில், 15 ஆம்பிலேயே ஓடிய பாயிண்ட்டைக் கழற்றிக் காட்டினார்கள். மூன்று ஓட்டைகளில் லைன் ஓட்டையைச் சுற்றி மட்டும் டீக்கறை மாதிரி பழுப்பு. பின்னால் வயரின் மேல்தோல் ஒரு விரல் நீளத்துக்கு இறுகி, தொட்டவுடன் நொறுங்கியது. அதுவரை மெயின் பாக்ஸில் எதுவும் ட்ரிப் ஆகவில்லை.

ட்ரிப் ஆகவும் ஆகாது. கரண்ட் அளவுக்கு மேல் போனால் மெயின் பாக்ஸில் இருக்கும் எம்.சி.பி. என்ற ஸ்விட்ச் தானாக விழும். கரண்ட் கசிந்தால் ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு ஸ்விட்ச் விழும். அளவான கரண்டே ஓடி, பிளக் மட்டும் கொதித்தால் இரண்டுக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியது பிளக்கின் தலைக்குள்ளேயே இருக்கும் வெப்ப சென்சார்தான். ஆகவே ஆம்ப் மாற்றும் கேபிள் வாங்குகிறவர்கள் திரை, ஆப், வைஃபை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை முதலில் கேளுங்கள். சென்சார் கேபிளின் நடுவில் இருக்கும் பெட்டிக்குள் இருந்தால் பிரயோஜனம் குறைவு, சுவரில் செருகும் மூன்று கால் பிளக்கில் இருக்க வேண்டும். காருடன் வரும் கேபிள்களிலும் சிலவற்றில் இது உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள்.

கரண்டைக் குறைத்தால் காருக்குக் கெடுதல் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. கேபிளின் நடுவில் தொங்கும் பெட்டியைச் சார்ஜர் என்று சொன்னாலும், வீட்டுக்கு வரும் ஏ.சி. கரண்டை பேட்டரிக்கு வேண்டிய டி.சி. கரண்டாக மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள்தான் இருக்கிறது. பெட்டி நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் ஒரு சிக்னலை அனுப்பும். அந்தத் துடிப்பின் அகலத்தைப் பார்த்து, அதிகபட்சம் எத்தனை ஆம்ப் இழுக்கலாம் என்று கார் தெரிந்துகொள்ளும். சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் காரின் எலக்ட்ரானிக்ஸும் விழித்திருப்பதால், கரண்ட் குறையக் குறைய யூனிட் வீணாவது கொஞ்சம் கூடும் என்பது உண்மை. அதனால் 6 ஆம்பை வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். உறவினர் வீட்டுப் பழைய பாயிண்ட்டில் போடும்போது அது கைகொடுக்கும்.

கம்பெனி கேபிளுக்கும் நியாயம் உண்டு. அதற்குத் தனியாகக் காசு இல்லை, வாரண்டியில் வாக்குவாதம் வராது. ஆம்ப் மாற்றும் நல்ல கேபிளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போகும். வெளிக் கேபிள் போட்டால் வாரண்டி என்ன ஆகும் என்று ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. சில கார்களில் திரையிலேயே கரண்டைக் குறைக்கும் வசதி இருக்கிறது. உங்கள் கார் அப்படியென்றால் என் வாதத்தில் பாதி அடிபட்டுவிடும், கம்பெனி கேபிளே போதும். இரண்டில் எதை எடுத்தாலும் பெட்டியைப் பிளக்கிலிருந்து தொங்க விடாதீர்கள். அந்தக் கனம்தான் பிளக்கைக் கீழே இழுத்துப் பட்டையைத் தளர்த்துகிறது. சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டுங்கள். என் கேபிள் இன்னும் ஒரு மழைக்காலத்தைத்தான் பார்த்திருக்கிறது. எத்தனை வருஷம் உழைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. விற்கிறபோது கேட்பார்கள் என்பதால் கம்பெனி கேபிளையும் பையோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எர்த் விஷயத்தில் இரண்டு வகையும் ஒன்றுதான். எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துபோனாலும் இது நடக்கும். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சில வீடுகளில் சரியாகிவிடும், இல்லையென்றால் புதுக் குழிதான். நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இணைத்து, கேபிளை ஏமாற்றும் குட்டி அடாப்டர்கள் விற்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் வாங்காதீர்கள். தெருவில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், காரின் உடம்பிலேயே கரண்ட் நிற்கும். கதவைத் தொடுவது உங்கள் வீட்டுக் குழந்தையாகக்கூட இருக்கலாம்.

சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் பெட்டியை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் சார்ஜர், அதற்கு மேல் அது இழுக்காது. பெரிய பேட்டரி வைத்திருந்து தினமும் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் கணக்கு வேறு, அவர்களுக்கு அந்தப் பெட்டிதான் சரி.

அபார்ட்மெண்ட்காரர்களுக்கு ஆம்ப் மாற்றும் கேபிள் இன்னும் பொருத்தம். மீட்டரிலிருந்து பார்க்கிங் 30 மீட்டர் தள்ளி இருந்து, 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் 15 ஆம்ப் ஓடினால் ஆறேழு வோல்ட் வழியிலேயே போய்விடும், வயரே 100 வாட் அளவுக்குச் சூடாகும். 10 ஆம்பில் அது பாதிக்கும் கீழே. புதிதாக இழுப்பதென்றால் உங்கள் மீட்டரிலிருந்தே 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயரைத் தனி லைனாக இழுத்து, 20 ஆம்ப் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். நடுவில் ஜாயிண்ட் போட விடாதீர்கள். பாயிண்ட்டை மாட்டிய பிறகு, முதல் இரவு ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பிளக்கின் தலையில் விரல் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆம்பைக் குறைத்துவிட்டு, மறுநாள் பாயிண்ட்டை மாற்றுங்கள்.