அறுகம்பையில் 'குமண சஃபாரி' எடுக்கப் போகிறவர்கள் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள்

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து தங்கையின் மகன் வந்திருந்தான். 15 வயது. பறவை என்றால் அவனுக்கு உயிர். எங்கே போனாலும் கையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். கண்ட பறவை, இடம், நேரம் எல்லாம் எழுதி வைப்பான். பறவைகளுக்குப் பேர்போன குமண தேசியப் பூங்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு, "மாமா, ஒருக்கா குமணவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சரி, அறுகம்பையில் இரண்டு இரவு தங்கிக் கடலும் காடும் காட்டிவிட்டு வருவோம் என்று நான், மனைவி, அம்மா, அவன் என்று நான்கு பேரும் மட்டக்களப்பிலிருந்து கிளம்பினோம். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோயில் தாண்டிப் பொத்துவில் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

கடற்கரையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வளைந்த குடாவும், பின்னேர வெயிலில் கரைக்கு ஏறும் தோணிகளும் எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. எங்களுக்கு நடந்தது எல்லாம் வீதியோரத்தில் இருந்த ஒரு கடையால் வந்தது. பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அதே முறையில் வேறு இடங்களிலும் செய்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சேர்ஃபிங் பழக வேண்டும் என்று மருமகனுக்கு ஆசை. அந்தக் கடையில் பலகை வாடகைக்கு எடுத்தோம், 2 மணித்தியாலத்துக்கு 1,500 ரூபா. பழகுபவர்களுக்கு மேலே மெத்தென்று இருக்கும் பலகையைத்தான் கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுத்தது ஃபைபர் பூசிய கடினமான பலகை. அப்போது எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பேபி பொயின்ட் பக்கம், இடுப்பளவு தண்ணீரில், மணல் தரையில்தான் அவன் பழகினான். எந்தக் கல்லிலும் பலகை முட்டவில்லை. நான் கரையில் நின்று முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் பலகையைக் கவிழ்த்து, வால் பக்கத்தில் விரலை வைத்து, "இங்க உடைஞ்சிருக்கு சேர். பதினைந்தாயிரம் ஆகும்" என்றார். குனிந்து பார்த்தேன். பெருவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதைச் சுற்றித் தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல ஒரு பழுப்புக் கறை. வெடிப்பின் உள்விளிம்பும் மஞ்சளாகத்தான் இருந்தது. தச்சு வேலை, ஃபைபர் வேலை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: அப்போதே உடைந்த இடம் வெள்ளையாக இருக்கும். உள்ளே இருக்கும் நுரை பல நாள் தண்ணீர் குடித்தால்தான் அப்படிப் பழுப்பேறும். "இது பழைய வெடிப்புத் தம்பி" என்றேன். "கொண்டு போகேக்க நீங்க ஒன்றும் சொல்லேல்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் வாய் அடைத்துவிட்டது. எடுக்கும்போது நான் படம் எடுத்து வைக்கவில்லை, பலகையைக் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற மருமகனின் முகம் கறுத்துப்போயிற்று. தன்னால்தான் இந்தச் செலவு என்று அவன் நினைத்துவிட்டான். இன்றைக்கும் எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் கோபம் வருவது காசுக்காக இல்லை, அதற்காகத்தான்.

அப்புறம் அவர் குரலை இறக்கினார். நாளைக்குக் குமண போகிற எண்ணம் இருந்தால் தன்னிடமே ஜீப் எடுக்கட்டாம். அப்படியென்றால் பலகைக்கு 5,000 தந்தால் போதுமாம். ஜீப், பூங்கா டிக்கெட், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 26,000. அம்மாவும் களைத்துப்போயிருந்தா. பிரச்சினை முடிந்தால் போதும் என்று 5,000 கொடுத்து, சஃபாரிக்கு முழுக்காசையும் முன்கூட்டியே கட்டிவிட்டேன். பில் கேட்டதற்கு, "வட்ஸ்அப்பில போட்டு விடுறன் சேர்" என்றார். வரவே இல்லை.

காலை 5 மணிக்கு வருவதாகச் சொன்ன ஜீப் 6.20 க்குத்தான் வந்தது. ஓட்டி வந்தவர் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பிள்ளை. பாணமை வீதியால் போனோம். வீதியின் இரு பக்கமும் குளமும் வயலும் களப்பும். அந்த வீதியில் யானை நிற்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதினமில்லை, பஸ்ஸில் போகிறவர்களும் பார்ப்பார்கள். பாணமையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஜீப் பிரதான பாதையை விட்டு ஒரு மண் ஒழுங்கைக்குள் திரும்பியது. அறுவடை முடிந்த வயல், அதற்கு அப்பால் பற்றைக்காடு. "பார்க்குக்குள்ள வந்திட்டம் அண்ணன்" என்றார்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தா. "தம்பி, உகந்தை முருகன் எங்க? அவரைக் கும்பிடாமல் எப்பிடிக் காட்டுக்குள்ள வந்தனாங்கள்?"

அம்மா கதிர்காமப் பாதயாத்திரை இரண்டு தரம் போனவ. உகந்தையில் தங்கி, கோயிலில் கும்பிட்டு, அங்கிருந்துதான் காட்டுக்குள் இறங்கி நடப்பார்கள். கடலோரத்துப் பாறையடியில் இருக்கும் அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் பூங்காவின் வாசலும் அலுவலகமும். பாணமைப் பக்கமாக வரும் எந்த ஜீப்பும் அந்த வாசலால்தான் உள்ளே போகவேண்டும். போகிற வழியில் குடும்பிகல மலைகளும் தெரியவேண்டும். எங்களுக்கு ஒரு மலையும் தெரியவில்லை. எந்த வாசலிலும் யாரும் எங்களை நிறுத்தவும் இல்லை.

அந்தப் பிள்ளை கொஞ்சம் தடுமாறிவிட்டு, "இது யால ஈஸ்ட் அம்மா. குமண அங்கால. இதுவும் பார்க்தான்" என்றார். மருமகன் உடனே சொன்னான்: "அண்ணா, யால ஈஸ்ட் என்றதுதான் குமண. 2006 இலதான் பேர் மாத்தினவை." உண்மை அதுதான். 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்த அதே காட்டுக்குப் பழைய பெயர் ஒன்று, புதுப் பெயர் ஒன்று. இரண்டு பெயரையும் இரண்டு இடமாக்கி, வெளியே இருக்கும் வயலையும் பற்றையையும் ஒன்றுக்குள் அடக்கிக் காட்டுகிறார்கள். தெரியாத ஒருவர் நம்பத்தான் செய்வார்.

டிக்கெட்டைக் காட்டச் சொன்னேன். கடையில் இருக்கிறது என்றார். அதற்குள் எதிரே இன்னொரு ஜீப் வந்து கையைக் காட்ட, எங்களுடைய ஜீப்பும் அதன் பின்னால் வேகமாக ஓடியது.

பற்றை ஓரத்தில் ஒரு தனியன் யானை. ஆண். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் தார் பூசியதுபோல ஈரமான ஒரு கோடு வாய்வரை வழிந்திருந்தது. "மாமா, அது மதம்" என்று மருமகன் என் கையைப் பிடித்தான். படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று முன்னால் ஒரு ஜீப்பும் பின்னால் நாங்களுமாக அது காட்டுக்குத் திரும்பும் வழியை மறித்து நின்றோம். யானை காதை விரித்து அப்படியே வைத்துக்கொண்டது. முன்னங்காலால் மண்ணை ஒருதரம் தட்டியது. தும்பிக்கையின் நுனி உள்ளே சுருண்டது. நான் சத்தம் போட்டுத்தான் ஜீப்பைப் பின்னால் எடுக்கவைத்தேன். வழி கிடைத்ததும் அது போய்விட்டது. அன்றைக்கு அது எங்கள் மேல் பாய்ந்திருந்தால் அதன் மேல் ஒரு பிழையும் இல்லை. பூங்காவுக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆள் ஒருவர் கூட இருப்பார், இப்படிச் செய்ய விடமாட்டார். வெளியே கேட்க ஆளில்லை.

8.30 க்குத் திரும்பிவிட்டோம். காலைச் சாப்பாடு என்று தந்தது 4 பேருக்கு 4 பணிஸ்.

கடையில் போய்க் கேட்டதற்கு, "யானை பார்த்தனீங்கள்தானே?" என்பதுதான் பதில். ஒரு மணித்தியாலம் நின்று பேசினேன். டிக்கெட் எடுக்கவே இல்லை என்பதை ஒத்துக்கொண்டு, டிக்கெட் காசு என்று 6,000 திருப்பித் தந்தார். மிச்சம் ஜீப்புக்குச் சரியாம். ஜீப்பை ஓட்டி வந்த பிள்ளையை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். தன்னை இவ்வளவு தூரம்தான் போகச் சொன்னதாக அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. கொப்பியில் அன்றைய பக்கத்தில் திகதி மட்டும் இருந்தது. அதனால் இன்னொரு இரவு தங்கினோம். தங்கியிருந்த வீட்டு அக்கா பாணமையில் ஒரு ஐயாவின் ஜீப்பை ஒழுங்கு செய்து தந்தா. ஐயா தொலைபேசியில் முதல் சொன்ன விசயமே, "டிக்கெட் காசு என்னிடம் தரவேண்டாம், கவுண்டரில் நீங்களே கட்டுங்கள்" என்பதுதான். அடையாள அட்டைகளையும் கொண்டு வரச் சொன்னார். உள்ளூர் ஆட்களுக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு, வித்தியாசமும் பெரியது. ஆளுக்கு ஒரு கட்டணம், வாகனத்துக்கு ஒரு கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட பற்றுச்சீட்டைக் கையில் தந்தார்கள். முதல் நாள் டிக்கெட்டுக்கு என்று எங்களிடம் பிடித்ததில் பாதிகூட வரவில்லை. அம்மா கோயிலில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வந்தா. திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவர் ஏறினார். கம்பிக்கதவு திறந்தது.

வில்லு என்று சொல்லும் சதுப்புக் குளத்துக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தியபோது கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் ஒரே மரக்கூட்டத்தில் இருந்தன. எங்களுக்கும் அவைக்கும் இடையே நல்ல தூரம் விட்டுத்தான் நிறுத்தினார் ஐயா. மருமகன் எழுதிக்கொண்டே இருந்தான்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டிக்கெட்டோடு சேர்த்து ஒரே விலை சொன்னால் பிரித்துக் கேளுங்கள்: ஜீப்புக்கு எவ்வளவு, டிக்கெட்டுக்கு எவ்வளவு. டிக்கெட்டை வாசலில் நீங்களே எடுங்கள். முழுக்காசையும் முன்னுக்குக் கட்டாதீர்கள். உகந்தைக் கோயிலைக் காணாமல் "உள்ளே வந்தாச்சு" என்று சொன்னால் அங்கேயே ஜீப்பை நிறுத்தச் சொல்லுங்கள். பலகையோ மோட்டார் சைக்கிளோ வாடகைக்கு எடுத்தால், கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு பக்கமும், அடிப்பக்கமும் வீடியோ எடுங்கள். அந்தப் பலகையை நான் கவிழ்த்துப் பார்த்திருந்தால் அந்தக் கடையில் சஃபாரியே எடுத்திருக்கமாட்டேன்.

1912 க்கு அழைத்துச் சுற்றுலா அதிகாரசபையிலும், 1977 க்கு அழைத்து நுகர்வோர் அதிகாரசபையிலும் முறைப்பாடு பதிந்திருக்கிறேன். ஜீப்பின் இலக்கத்தகடும், யானையை மறித்து நின்ற படமும் என்னிடம் உள்ளன. இதே பாணமை வயலைக் காட்டிக் 'குமண' என்று உங்களிடமும் காசு வாங்கியிருந்தால், திகதியையும் கட்டிய தொகையையும் எழுதி நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். என்னிடம் பில் இல்லை. உங்களில் யாரிடமாவது இருக்கலாம்.