தி.நகர் ஸ்கைவாக்: மேலே சுகம், இறங்கினால்தான் பாடு

மதிப்பெண்: 5-க்கு 3.5

குரோம்பேட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, ஃபால்ஸ், ஹூக், லேஸ் எல்லாவற்றுக்கும் தி.நகர்தான். செல்ஃபி எடுத்தவர்கள் இந்த ஸ்கைவாக்கைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். தோளில் துணி மூட்டையோடு நடப்பவள் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தெரியாதவர்களுக்கு: மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைக்கும், நடப்பவர்களுக்கு மட்டுமான மேம்பாலம் இது. 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 28 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டி, 2023 மே மாதம் திறந்தார்கள். ரயிலை விட்டு இறங்கி மேலே ஏறினால், தெருவில் கால் வைக்காமலே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடலாம்.

நடக்க அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். ரங்கநாதன் தெருவில் மூட்டையோடு போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பின்னால் வருபவர் முதுகில் கை வைத்துத் தள்ளுவார், முன்னால் போகிறவர் சட்டென்று நின்று நைட்டிக்கு விலை கேட்பார். பையிலிருந்து ஒரு லேஸ் உருண்டை நழுவினால் குனிந்து எடுக்க வழியில்லை, போனது போனதுதான். மேலே அந்தத் தொல்லை இல்லை. மூட்டையைக் கைப்பிடி ஓரமாகச் சாய்த்து வைத்து, தோளை மாற்றிக்கொண்டு, மூச்சு வாங்கிவிட்டு நடக்கலாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லிஃப்ட், நகரும் படிக்கட்டு இரண்டும் உண்டு. முழங்கால் வலிக்காரியான என் அம்மா அந்த லிஃப்ட் இருக்கிற தைரியத்தில்தான் தீபாவளித் துணி எடுக்க வருகிறார்.

இது கட்டப்போகிறார்கள் என்றபோது தெருவில் கிளம்பிய பயங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஜனமெல்லாம் மேலேயே போயிட்டா எங்ககிட்ட யாரும்மா வருவா?" என்று நான் வாடிக்கையாக ஹூக் அட்டை வாங்கும் அண்ணன் கேட்டார். அவர் பயம் சும்மா வந்ததில்லை. 2013-ல் பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களை ஒரு மாடிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மாடி ஏறி வந்து கிளிப்பும் தோடும் வாங்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? வியாபாரம் படுத்துவிட்டது என்று அப்போது அங்கே எல்லோரும் புலம்பினார்கள்.

சரி, நடந்தது என்ன? ரங்கநாதன் தெருவில் கூட்டம் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. பொருள் வாங்க வந்தவர் கீழேதான் போகிறார், நானும் வாங்கும்வரை கீழேதான். மேலே போவது ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும் வாங்கி முடித்தவர்களும். பெரிய ஜவுளிக் கடைகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாமல் போகிற போக்கில் ஒரு வடிகட்டி, ஒரு தலையணை உறை, ஒரு ஊக்கு அட்டை வாங்கிப்போவோம் இல்லையா, அந்தப் பத்து இருபது ரூபாய் வியாபாரம் ஆட்கள் மேலே ஏறியதோடு போய்விட்டது. ஹூக் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி யார் கணக்கில் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

யாரும் கேட்காத கேள்வி, இறங்கிய பிறகு என்ன என்பது. பாலத்தை விட்டு இறங்கியதும் அதே தி.நகர்தான். வாசலில் ஆட்டோ, ஓரத்தில் பைக், அதற்கு நடுவில் புகுந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 570 மீட்டர் ராஜ நடை, கடைசி ஐம்பது அடி மல்யுத்தம். ஒன்றரை மதிப்பெண்ணை அங்கேதான் குறைத்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இரண்டாம் கட்ட மெட்ரோவில், கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் ஓடும் தடத்துக்குப் பனகல் பார்க்கில் சுரங்க நிலையம். அந்த வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்ததிலிருந்து சுற்றியிருக்கும் கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். மெட்ரோ வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில்லை. 'வர்றவரைக்கும் நாங்க எப்படிப் பொழைக்கிறது' என்பதுதான் அவர்கள் கேட்பது. என் கேள்வி வேறு. பனகல் பார்க் தெற்கு உஸ்மான் ரோட்டின் ஒரு கோடி, பஸ் ஸ்டாண்டு இன்னொரு கோடிப் பக்கம். இப்போதைய ஸ்கைவாக் பனகல் பார்க் பக்கமே போவதில்லை. ரயிலையும் பஸ்ஸையும் சேர்த்தவர்கள் மெட்ரோவை விட்டுவிட்டால், மூட்டை மறுபடி உஸ்மான் ரோட்டுக் கூட்டத்தில்தான்.

வடபழனி, திருவான்மியூர் பஸ் டெப்போக்களையும் வணிக வளாகத்தோடு சேர்த்துப் புதிதாகக் கட்டும் திட்டம் இருக்கிறது. படங்களில் கண்ணாடிக் கட்டடம் பளபளவென்று இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் கருத்துக் கேட்பு ஏதாவது நடந்தால் கட்டடத்தின் உயரத்தை விட்டுவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: வேலை முடியும்வரை பஸ் எங்கே நிற்கும், வாசலில் பூ விற்கிற அம்மா எங்கே உட்காருவார், லிஃப்டை விட்டு வெளியே வந்தால் பஸ் எத்தனை அடி தூரம்.

ஸ்கைவாக் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு: போகும்போது ரங்கநாதன் தெரு, திரும்பும்போது மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கூட வந்தால் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லிஃப்டிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அப்புறம், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மேலேயும் கூட்டம்தான். சில்லறையையும் செல்போனையும் முன்பக்கப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.