இலவச அடாப்ஷன்: தள்ளுபடி வாசலில், செலவு அடுத்த ஆறு மாதத்தில்

"காப்பகத்தில் நாய் இலவசமாகத் தருகிறார்களே, எடுக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

நாட்டு நாயின் அருமையை விளக்க வேண்டியதில்லை. வெயில் தாங்கும், முடிப் பராமரிப்பு கிடையாது, வாசல் மணிக்கு முன்னாடியே ஆள் வருவதைச் சொல்லிவிடும். நாயிடம் ஒரு குறையும் இல்லை. கோபமெல்லாம் அந்த 'இலவசம்' என்ற ஏற்பாட்டின் மேல்தான்.

கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது தப்பு என்று சொல்லவில்லை. சும்மா கிடைத்ததை மதிக்கமாட்டார்கள் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. பூனைகளைத் தத்தெடுத்தவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. காசு கொடுத்து எடுத்தவருக்கும் இலவசமாக எடுத்தவருக்கும் பாசத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சிக்கல் என்னவென்றால், சலுகை முதல் நாளோடு தீர்ந்துவிடுகிறது. முதல் ஊசி, பூச்சி மருந்து, சில இடங்களில் கருத்தடை, அவ்வளவுதான். செலவு ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான்.

முதல் ஆள் டிக் ஃபீவர், அதாவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ஏறும் எர்லிக்கியா கிருமி உள்ளே இருந்தாலும் நாய் மாதக்கணக்கில் நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்துச் சோறு இறங்காது, காய்ச்சல் வரும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் ரோஸ் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுத்து பிளேட்லெட் பார்த்துவிட வேண்டும், கூடவே ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரும். டாக்டர் பொதுவாக எழுதுவது டாக்ஸிசைக்ளின், எடைக் கணக்கில், 28 நாள், சாப்பாட்டோடு. ஐந்தாம் நாள் நாய் தட்டை நக்க ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த முறை வரும்போது பில் பெரிதாக வருகிறது.

மருந்து கொடுத்தும் உண்ணி குறையவில்லை என்றால் நாயை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். பழுப்பு உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து கதவுச் சட்டம், சுவர் வெடிப்பு, ஸ்விட்ச் போர்டு இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். முட்டை போடுவதும் அங்கேதான், ஆயிரக்கணக்கில். உண்ணிக்குக் கொடுக்கும் ஃப்ளுராலனர் மாத்திரை சுமார் 12 வாரம் நிற்கும், அஃபோக்ஸோலனர் ஒரு மாதம். இடுக்குகளுக்கும் மருந்தடிக்காவிட்டால் இரண்டுமே வீண் செலவு. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த எதையும் வாங்காதீர்கள். பூனைக்கு அது விஷம்.

இரண்டாவது டி.வி.டி. (TVT) என்கிற, இனச்சேர்க்கையில் பரவும் புற்றுக்கட்டி. நம் தெருநாய்களிடம் சகஜமாக இருந்தும் அடாப்ஷன் மேஜையில் யாரும் இதைச் சொல்வதில்லை. பெண் நாயிடம் ரத்தம் சொட்டும். ஹீட் (இனச்சேர்க்கைப் பருவத்து ரத்தம்) என்று நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஏபிசி என்கிற தெருநாய்க் கருத்தடை முடிந்து, அதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டிய பெண் நாய்க்கு ஹீட் வராது. அதனிடம் ரத்தம் கண்டால் உடனே டாக்டரிடம் போங்கள். சிகிச்சை, வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி வாரம் ஒன்று, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ரத்த அணு எண்ணிக்கை. அநேகமாக முழுசாகக் குணமாகிவிடும். இவ்வளவு நல்ல பலன் தரும் சிகிச்சைக்குக் காசில்லை என்று நாயைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் பொறுக்க முடியவில்லை.

குட்டியாக எடுத்தால் பார்வோ என்ற வைரஸ் நோய். முதல் இரண்டு வாரம் வெளியே இறக்காமல் வைத்திருங்கள், 16 வார வயது ஆகும்வரை பூஸ்டர் ஊசிகளைத் தவறாமல் போடுங்கள்.

தென் கொரியாவில் இதையே வேறு மாதிரிச் செய்கிறார்கள். காப்பக நாயை எடுத்தவர் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு, பரிசோதனை, தடுப்பூசி, கருத்தடை, மைக்ரோசிப் ரசீதுகளை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்தால் செலவில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. சியோலில் ஓராண்டுக் காப்பீடும் உண்டு. காசு மருத்துவ பில்லின் பின்னால் போகிறது, அதனால் நாய் டாக்டரைப் பார்த்தே தீரும்.

இங்கே 2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவு, தெருநாயைத் தத்தெடுக்க உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்தபின் அது தெருவுக்குத் திரும்பாமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றது. நியாயம்தான். பொறுப்பை முழுசாகக் கொடுக்கும்போது ஆறு மாதத்துக்கு இரண்டு சிபிசி, உண்ணி மாத்திரை, பூஸ்டர் ஆகியவற்றுக்குக் கூப்பனாவது கொடுக்க வேண்டாமா? கட்டணத் தள்ளுபடியைவிட அதுதான் நாயை வீட்டில் நிறுத்தி வைக்கும்.

எடுக்கிற அன்றைக்கே பேட்ச் ஸ்டிக்கர் ஒட்டிய தடுப்பூசி அட்டை, கருத்தடைத் தேதி, கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லை என்றால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காது மடலின் உட்புறத்தையும் கால் விரல் இடுக்கையும் உண்ணி இருக்கிறதா என்று அங்கேயே தடவிப் பாருங்கள்.

நாய்க்குப் பத்துக்குப் பத்து. இலவசத் திட்டத்துக்கு மூன்று. நண்பருக்குச் சொன்ன பதில்: இப்போதைக்கு எடுக்காதீர்கள். மருத்துவத்துக்கென்று தனியாகக் காசு ஒதுக்க முடிகிறவரை ஃபாஸ்டராக, அதாவது தத்தெடுக்காமல் தற்காலிகமாக, வைத்துப் பாருங்கள். அப்படி வைத்திருக்கும் நாட்களின் மருந்துச் செலவைப் பொதுவாகக் காப்பகமே ஏற்கும், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.