ஓராண்டு பொறுத்த பெற்றோருக்கு எங்கள் ஊர் அங்கன்வாடி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அரசு அங்கன்வாடியைப் பற்றிய மதிப்புரை இது. மே மாதக் கடைசியில் மூன்று வயது நிறைந்த மகனை அந்த ஜூனிலேயே எல்.கே.ஜி.யில் சேர்க்காமல், ஓராண்டு இங்கே அனுப்பினோம்.

நாங்கள் விசாரித்த தனியார் பள்ளி ஒன்றில், இப்போது சேர்க்காவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகிவிடும் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியில்லை. மூன்று வயதில் எல்.கே.ஜி., நான்கில் யு.கே.ஜி. என்று போனால் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்கு வந்து நிற்பான். கேரளத்திலோ 2026-27 கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது ஆக வேண்டும் என்று அப்போதைய கல்வி அமைச்சர் வி.சிவன்குட்டி 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டார். அவசரப்பட்டுச் சேர்த்தால் யு.கே.ஜி.யிலேயே இன்னோர் ஆண்டு உட்கார வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் ஐந்து வயதிலேயே முதல் வகுப்பில் சேர்க்கலாம் என்பதால், பிள்ளையைப் பொள்ளாச்சிப் பக்கம் படிக்கவைக்க நினைப்பவர்களின் கணக்கு வேறு.

வயதுக் கணக்கைவிட எங்களுக்குப் பெரிதாகப் பட்டது பிள்ளையின் நிலைமை. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் அவனால் கோத்துப் பேச முடியவில்லை. சிறுநீர் வந்தால் சொல்லவும் தெரியவில்லை. அங்கன்வாடி டீச்சர் இதைக் குறையாகச் சொல்லாமல், மற்றப் பிள்ளைகளை அழைத்துப் போகும் நேரத்திலேயே இவனையும் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். எங்கள் பிள்ளையிடம் தமிழிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் மலையாளத்திலும் அவர் பேசியதால், அவன் மிரளவில்லை. பென்சிலைக் கையில் திணிக்காமல் பாட்டு, கதை, புளியங்கொட்டை எண்ணுதல் என்றே பொழுது போனது. ஓணம் விடுமுறை முடிந்து திரும்பியபின், அன்று யார் அழுதார்கள், யார் முட்டையை மிச்சம் வைத்தார்கள் என்று வீட்டில் முழு வாக்கியமாகச் சொல்லத் தொடங்கினான். அந்த முன்னேற்றம் எனக்கு எந்த மதிப்பெண்ணைவிடவும் பெரியது. மதியம் சூடான சாப்பாடு; பாலும் முட்டையும் வாரத்தில் சில நாட்கள் உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே அறைதான், மார்ச் மாத வெயிலில் கூரை தகிக்கிறது, முற்றத்தில் நிழல் இல்லை. உதவியாளர் வராத நாளில் டீச்சரே சமைப்பதால், பெரிய பிள்ளைகள்தான் சின்னவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். இதைப் பஞ்சாயத்து கவனித்தே ஆக வேண்டும்.

ஜூனில் நான்கு வயது நிறைந்திருக்கும், தன் தேவையைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை நேராக எல்.கே.ஜி.யில் சேர்க்கலாம். மூன்று வயது அப்போதுதான் நிறைந்த பிள்ளைக்கு இந்த அங்கன்வாடியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சேர்க்கும் முன் ஒரு நாள், உதவியாளர் வராத நாளாக இருந்தால் இன்னும் நல்லது, முற்பகலில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள்; டீச்சர் தடுக்கமாட்டார்.