போயர் போரில் இரண்டு படிப்பாளிகள்: பீரங்கி வண்டியும் தூக்குப் படுக்கையும்

எர்ஸ்கின் சில்டர்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டன் நாடாளுமன்றத்தில் எழுத்தர். காந்தி லண்டனில் சட்டம் முடித்த பாரிஸ்டர். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுடன் பிரிட்டன் நடத்திய போருக்கு இருவருமே தாமாக முன்வந்து போனவர்கள்.

1900 தொடக்கத்தில் சில்டர்ஸ் சேர்ந்தது லண்டன் தொண்டர் படையில். அதிகாரியாக அல்ல, பீரங்கி இழுக்கும் குதிரைகளை ஓட்டும் சாதாரணச் சிப்பாயாக. சண்டையைவிடக் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதிலும் தீனி போடுவதிலும்தான் நாள் கழிந்தது. கடைசியில் கால் புண்ணாகி மருத்துவமனைக்குப் போனார்.

காந்தியின் கையில் ஆயுதமே இல்லை. தென்னாப்பிரிக்காவில் அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலில் சுமார் 1,100 இந்தியர்களுடன் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார். அதில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள், தமிழர்களும் அவர்களில் உண்டு. ஸ்பியான் கோப் என்ற குன்றில் நடந்த சண்டையின்போது குண்டு விழும் எல்லைக்குள்ளேயே போனார்கள். ஒரு நாளில் 20, 25 மைல்கூட நடை. அனுதாபம் போயர்கள் பக்கம் இருந்தும், பிரிட்டிஷ் குடிமகனாக உரிமை கேட்பவன் கடமையும் செய்ய வேண்டும் என்பது அவர் கணக்கு. என் பார்வையில் இதுதான் கடினமான தேர்வு. சில்டர்ஸுக்கு அப்போது பேரரசின்மேல் சந்தேகமே இல்லை.

அப்புறம் இருவரும் மாறினார்கள். காந்தி 1920இல் போர்ப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். சில்டர்ஸ் 1914இல் தன்னாட்சி கேட்ட அயர்லாந்துத் தொண்டர் படைக்குப் படகில் துப்பாக்கி கடத்தினார். 1922இல், அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது, அவரைச் சுட்டுக் கொன்றது பிரிட்டன் அல்ல, புதிய அயர்லாந்து அரசு.