இருட்டிய பிறகு பிக்கல்பால்: எந்த இலவசத் திடல் தோது?

சிங்கப்பூரில் எந்த மாதமானாலும் ஏழு, ஏழேகால் வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்து பிக்கல்பால் (துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேலே அடித்தாடும் ஆட்டம்) ஆட வருகிறவர்களுக்குக் கோடு போட்ட திடலைவிட விளக்கு ஒழுங்காக எரியும் திடல்தான் முக்கியம். கோட்டை நாமே போட்டுக்கொள்ளலாம், விளக்குக் கம்பத்தை நட முடியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் காசில்லாமல் ஆடப் பொதுவாக மூன்று வகை இடங்கள் உண்டு: தரையில் உள்ள பூப்பந்துத் திடல், கூடைப்பந்துத் திடல், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சித் தளத்தில் உள்ள திடல்.

பூப்பந்துத் திடலுக்கே முதலிடம் தருவோம். இரட்டையர் பூப்பந்துத் திடலும் பிக்கல்பால் திடலும் ஒரே அளவு: 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். ஏமாற்றுவது கிச்சன் கோடு. கிச்சன் என்பது வலையை ஒட்டிய பகுதி; அதில் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. பூப்பந்தின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடி. கிச்சனுக்கு ஏழு அடி வேண்டும். அந்த அரை அடியை விட்டுவிட்டுப் பழகினால், சரியான திடலில் ஆடும் அன்று கால் தானாகக் கோட்டை மிதிக்கும். சுண்ணக்கட்டியால் அரை அடி பின்தள்ளி ஒரு கோடு கிழித்தால் போதும். பசை நாடா வேண்டாம், வெயில் பட்டால் பசை தரையிலேயே தங்கிவிடும்.

வலை பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். உயரம் ஓரத்தில் 91 சென்டிமீட்டர், நடுவில் 86. பூப்பந்து வலையையே இறக்கிக் கட்டுவதும் உண்டு. அதன் அகலம் 76 சென்டிமீட்டர்தான் என்பதால் அடியில் ஒரு சந்து விழும். தாழ்வாக வந்த பந்து அதில் புகுந்து மறுபக்கம் போய், ‘வலைக்கு மேலா, கீழா’ என்ற வாக்குவாதம் கிளம்பும். மடக்கு வலை வாங்கிவிடுவது நல்லது.

கூடைப்பந்துத் திடலில் இடம் தாராளம், ஆனால் கணக்குப் பார்த்தால் பகிர்வது கடினம். முழு அளவுத் திடல் 28க்கு 15 மீட்டர். பாதியைக் கேட்டு வாங்கினால் 14 மீட்டர் நீளம்தான். நமது திடல் 13.4 என்பதால் பின்னால் நகர இடமே இல்லை. முழுத் திடலும் காலியாக இருந்தால் மட்டும் நீளவாக்கில் நடுவில் போடுங்கள். கூடைப்பந்து ஆட வந்த பிள்ளைகளைக் காக்கவைப்பது நியாயமில்லை.

மேல்தளத் திடலின் தொல்லை காற்று. பந்து 22 முதல் 26 கிராம்தான்; லாப் அடித்தால் (உயரத் தூக்கி அடித்தால்) எங்கோ போகும். 40 துளையுள்ள வெளித்திடல் பந்து ஓரளவு தாக்குப்பிடிக்கும், 26 துளையுள்ள உள்ளரங்குப் பந்து நிற்காது.

எந்தத் திடலானாலும் ஏழரை மணிக்கு ஒருமுறை சோதித்துவிடுங்கள். பின்கோட்டில் நின்றுகொண்டு எதிரே இருப்பவரை உயரமாக லாப் அடிக்கச் சொல்லுங்கள். பந்து உச்சியில் வெளிச்சத்துக்குள் மறைந்து, தோளருகே வந்தபின்தான் தெரிகிறது என்றால், கம்பம் உங்கள் முகத்துக்கு நேரே நிற்கிறது. கம்பங்கள் பக்கவாட்டில் இருந்தால் இரு தரப்புக்கும் தொல்லை குறைவு. மழை பெய்த மாலையில் சாயம் பூசிய தரை வழுக்கும். கையால் தடவிப் பார்த்து, ஈரம் ஒட்டினால் ஆடாதீர்கள்.

பிறகு சத்தம். இது அக்கம்பக்கத்தாரின் உறக்கம் சம்பந்தப்பட்டது. கெட்டிப் பந்து மட்டையில் படும் ‘டொக்’ ஒலி, மூன்று பக்கமும் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) சூழ்ந்த திடலில் சுவருக்குச் சுவர் எதிரொலித்து மேல்மாடி வரை ஏறும். மேல்தளத் திடலோ பக்கத்து புளோக்கின் ஜன்னல்களுக்கு நேர்மட்டத்திலேயே இருக்கும். ஒரு பக்கமாவது சாலையையோ பூங்காவையோ பார்த்த திடலைத் தேடுங்கள், விளக்கு எரிந்தாலும் பத்து மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். நுரைப் பந்து சத்தத்தை வெகுவாகக் குறைக்கும், பயிற்சிக்குப் போதுமானது. நேரக் கட்டுப்பாடு நுழைவாயில் பலகையில் எழுதியிருந்தால் அதுவே முடிவு.

மழை தொடரும் வாரங்களில் மட்டும் கட்டணத் திடல் பக்கம் போகலாம்: மைஆக்டிவ்எஸ்ஜி+ செயலியில் விளையாட்டு மண்டபம், ஒன்பிஏ (மக்கள் கழகத்தின் முன்பதிவுத் தளம்) வழியாகச் சமூக மன்றம். மாலை நேரம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

விளக்கு பழுதானால் புளோக் எண்ணும் படமும் சேர்த்து ஒன்சர்விஸ் செயலியில் தெரிவியுங்கள். எத்தனை கம்பத்தில் எது எரியவில்லை என்றும் எழுதுங்கள். ‘திடல் இருட்டாக இருக்கிறது’ என்றால் வருகிறவர் பகலில் வந்து எதைப் பார்ப்பார்?